பட்டறை வாத்தியார் பதில்கள்

கேள்வி: குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறேன். தினமும் ஐந்து மணி நேரம் பாட வீடியோக்கள் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் தெளிவாகப் புரிகிறது. மாதிரித் தேர்வில் உட்கார்ந்தால் நான்கு விடைகளுமே சரியாகத் தோன்றுகின்றன. எனக்கு மறதி நோயா?
- வாசகர், தண்டையார்பேட்டை

நோயெல்லாம் இல்லை, தம்பி. பாடம் நடத்துகிறவருக்கு நன்றாகப் புரிந்திருக்கிறது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துவிட்டு எழுந்து வருகிறீர்கள்.

நான் ஐடிஐயில் முப்பத்தோரு ஆண்டு ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுத்தவன். முதல் வாரம் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, அரத்தால் ராவிக் காட்டுவேன். "புரிந்ததா?" என்றால் இருபது தலையும் ஆடும். பிறகு அரத்தை அவர்கள் கையில் கொடுப்பேன். தள்ளத் தொடங்கும்போது பிடி தாழும், முடிக்கும்போது முனை தாழும். அரம் சீசா பலகை போல ஆடும். அரை மணி கழித்து அந்தத் துண்டின் மேல் ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால் நடுவில் மேடு தட்டியிருக்கும், இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் கீற்றாகக் கசியும். அந்தக் கீற்றைப் பார்த்த பிறகுதான் பையன் வாயைத் திறப்பான்: "சார், காலை எங்கே வைத்து நிற்க வேண்டும்?" நான் முதலில் சொன்னதே அதுதான்.

சிகாகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டஸ், எட் ஓப்ரையன் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் இதே கதை வருகிறது. பலகையைக் குறிபார்த்து டார்ட் எறியும் வீடியோவைச் சிலருக்கு ஒருமுறையும், சிலருக்கு 20 முறையும் போட்டுக் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்களுக்குத் தங்கள் கைமேல் நம்பிக்கை ஏறிவிட்டது. எறியச் சொன்னபோது, ஒருமுறை பார்த்தவர்களைவிட ஒன்றும் நன்றாக எறியவில்லை.

படிப்பு விஷயத்திலும் அப்படித்தான். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு கூட்டம் அதை நான்கு தடவை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரே தடவை படித்து, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள்: எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம், இவர்கள் 83. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள். எழுதிப் பார்த்தவர்கள் 61. வீடியோவை மூடிய கையோடு உங்களுக்கு வரும் தெம்பு அந்த ஐந்தாவது நிமிடத்துத் தெம்பு. தேர்வாணையம் ஐந்தாவது நிமிடத்தில் வந்து கேட்பதில்லையே!

தேர்வில் 200 கேள்வி. ஒவ்வொன்றின் கீழும் இருக்கும் நான்கு பெயர்களும் உங்கள் காதில் விழுந்தவைதான்; அதனால் நான்கும் சொந்தக்காரர்கள் போல முகம் காட்டுகின்றன. இனி இருபது நிமிடம் பாருங்கள், போனைக் கவிழ்த்து வையுங்கள், வெற்றுத்தாளில் எழுதுங்கள். முதல் நாள் நான்கு வரிகூட வராது. எரிச்சலாக இருக்கும். வேகத்தை ஒன்றரை மடங்கு வைத்துப் பார்க்கிற பழக்கம் இருந்தால், மிச்சமாகும் நேரத்தை இந்த எரிச்சலுக்குக் கொடுங்கள்.

கேள்வி: என் பேரனுக்குப் பத்து மாதம். நான் விடியற்காலையில் மீன் எடுக்கப் போய்விடுவேன். மருமகள் போனில் இங்கிலீஷ் பாட்டு போட்டுவிட்டுச் சமைக்கிறாள். இப்போதிருந்தே கேட்டால் இங்கிலீஷ் ஒட்டிக்கொள்ளும் என்கிறாள். உண்மையா?
- வாசகி, காசிமேடு

ஒட்டாது, அம்மா. 2003-இல் பட்ரீசியா குல் என்பவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து, கதைப் புத்தகமும் பொம்மையும் வைத்து 12 தடவை விளையாடியபோது, அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டன. அதே ஆட்களை வீடியோவில் அதே அளவு காட்டியபோது ஒன்றும் பிடிபடவில்லை. குழந்தை கையை நீட்டினால் திரும்பிப் பார்க்கிற முகம் வேண்டும்.

மருமகளைத் திட்ட வேண்டாம்; குழம்பும் கொதிக்க வேண்டும் அல்லவா. நீங்கள் வந்து கூடையை இறக்கியதும் அவனை மடியில் வைத்து, இது சங்கரா, இது நெத்திலி என்று காட்டுங்கள். அவன் நெத்திலியை வாயில் போடப் பார்ப்பான். நீங்கள் "அய்யோ" என்பீர்கள். அந்தச் சொல்லைத்தான் முதலில் கற்றுக்கொள்வான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: போனையே குறை சொல்கிறீர்களே, நீங்கள் வீடியோ பார்ப்பதே இல்லையா?
- வாசகர், வியாசர்பாடி

பார்ப்பேன், பார்த்துப் பட்டும் இருக்கிறேன். போன மழைக்காலத்தில் எங்கள் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டுக் குளியலறைக் குழாய் சொட்டியது. வாஷர் மாற்றும் வீடியோ, நான்கு நிமிடம். மூன்று தடவை பார்த்தேன். முப்பத்தோரு ஆண்டு ஸ்பேனர் பிடித்த கைக்கு இதுவா பெரிது? ஒரு திருகு திருகினேன். இருபது ஆண்டுத் துரு; குழாய் சுவரோடு ஒடிந்து கையில் வந்துவிட்டது. மூன்று குடித்தனத்துக்கும் பொதுவான மொட்டை மாடித் தொட்டி, என் பாத்ரூம் வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. கீழ்வீட்டுப் பையன், பிளம்பிங் வேலை பார்ப்பவன், ஓடிவந்து, "மெயின் வால்வை மூடவில்லையா ஐயா?" என்றான்.

ராத்திரி, ஈரத் துண்டோடு உட்கார்ந்து அந்த வீடியோவை மறுபடி போட்டேன். முதல் வரியே அதுதான். மூன்று தடவையும் முன்னுரை என்று நான் தள்ளிவிட்ட பகுதி.