பதினைந்து சதவீதம் எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள ஐயா,

சாலைப் பணியில் கமிஷன் ஊரறிந்த விஷயம். ஆனாலும் சாலை வந்துவிடுகிறதே? பதினைந்து சதவீதம் போனாலும் மீதி எண்பத்தைந்து ஊருக்குத்தானே? நாட்டின் வளர்ச்சியே இதனால் கெடுகிறது என்பது மிகையாகப் படுகிறது.

ரா.

அன்புள்ள ரா.,

அந்தப் பதினைந்தை ஒப்பந்ததாரர் தன் லாபத்திலிருந்து கொடுத்தால் உங்கள் கணக்கு சரி. அவர் சாலையிலிருந்துதான் எடுக்கிறார்.

1 கி.மீ. நீளம், 3.75 மீட்டர் அகலம், 40 மி.மீ. கனம் என்று எஸ்டிமேட் இருந்தால் சுமார் 345 டன் தார்க்கலவை வேண்டும். தார் மட்டுமே ஏறக்குறைய 19 டன். கனத்தை 30 மி.மீ. ஆக்கினால் 86 டன் கலவை மிச்சம். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே கறுப்பு. எம்-புக்கில் (முடிந்த வேலையின் அளவுகளைப் பதிந்து பொறியாளர் கையெழுத்திடும் அளவுப் புத்தகம்) 40 என்று ஏறிவிடும். கமிஷன் அந்தக் கையெழுத்துக்குத்தான்.

கனம் குறைந்த கலவை சீக்கிரம் ஆறும். சூடு 90 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் ரோலர் ஓட்டி முடிக்காவிட்டால் பிறகு எத்தனை தடவை ஓட்டினாலும் இறுகாது. உள்ளே காற்றிடைவெளி 8 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீர் இறங்கி, ஜல்லியிலிருந்து தாரை உரிக்கும். ஐப்பசி மழையில் முதலில் ஜல்லி பெயரும், அப்புறம் குழி. ஐந்தாறு வருடம் தாங்க வேண்டியது இரண்டாவது மழையில் போனால் நஷ்டம் பாதிக்கு மேல். மறுபடி எஸ்டிமேட், மறுபடி கமிஷன். பக்கத்து ஊர்ச் சாலைக்கான பணம் இங்கேயே கரைகிறது. ஒழுங்காகப் போடுகிறவர் இந்த விலைக்கு டெண்டர் பக்கமே வரமாட்டார்.

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் பொருளியலாளர் பெஞ்சமின் ஓல்கன் 600க்கும் மேற்பட்ட கிராமச் சாலைகளைத் தோண்டி அளந்து, காட்டிய செலவோடு ஒப்பிட்டார். தணிக்கை நிச்சயம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட ஊர்களில், செலவானதாகக் காட்டியும் சாலையில் காணாத பணம் சுமார் 8 சதவீதப் புள்ளி குறைந்தது. ஊர்க் கூட்டம் கூட்டிக் கண்காணிக்கச் சொன்னதில் பெரிய பலன் இல்லை. (தணிக்கை வந்த இடங்களில் சொந்தக்காரர்களுக்கு வேலை கொடுப்பது கூடியதாம், அது தனிக் கூத்து.)

உங்கள் ஊர்ச் சாலைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். "முறைகேடு நடந்ததா?" என்று கேட்டால் ஒன்றும் வராது. எஸ்டிமேட், எம்-புக் பக்கங்கள், கோர் கட்டிங் (சாலையை உருளையாக வெட்டியெடுத்துச் சோதிப்பது) அறிக்கை மூன்றின் நகலையும் கேளுங்கள். பணியை நேரில் பார்க்கவும், சான்றிட்ட மாதிரி பெறவும் அதே சட்டத்தில் இடமுண்டு. வெட்டியெடுத்த உருளையில் மேலடுக்கை அளக்க ஒரு ஸ்கேல் போதும். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியுமுன் இதைச் செய்துவிடுங்கள்; அதுவரை கெட்டதை ஒப்பந்ததாரர்தான் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.