எம்டனும் அணுகுண்டும்: ஒரு கடிதம், ஒரு பதில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அணுகுண்டுச் சோதனைகளை எதிர்த்தவர்களைப் பாராட்டி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நான் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு வந்து பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன கதையை என் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தேன். திருப்பி அடிக்க முடியாத ஊரை எவனும் அடிப்பான் என்பதுதான் அதில் எனக்குப் புரிந்தது. 1998இல் பொக்ரானில் வெடித்துக் காட்டியிருக்காவிட்டால் அண்டை நாடுகள் நம்மை மதித்திருக்குமா? சோதிக்காத குண்டுக்கு யார் பயப்படுவார்கள்? இத்தனை காலம் மூன்றாம் உலகப் போர் வராததற்கு இந்தக் குண்டுகள்தானே காரணம்? ஊர்வலம் போனவர்களும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும்தான் போனார்கள். ரஷ்யாவில் ஒருவராவது வாய் திறக்க முடிந்ததா?

தண்டையார்பேட்டை வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள ஐயா,

1998 மே மாதம் ராயபுரம் கல்மண்டபம் அருகே லட்டு வழங்கியபோது நானும் கை நீட்டி வாங்கித் தின்றவன்தான். ஆகவே உங்கள் உணர்வைக் குறைவாக மதிப்பிட மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. குண்டைச் சோதித்துப் பார்ப்பது சரியா என்பது ஒன்று. குண்டை வைத்திருப்பதால் போர் தடுக்கப்படுகிறதா என்பது இன்னொன்று. சோதனையை எதிர்த்தவர்களில் பெரும்பகுதியினர் முதல் கேள்வியோடுதான் தெருவுக்கு வந்தார்கள். இரண்டாவதைப் பற்றி அவர்களில் பலருக்கு ஒரு கருத்தும் இருந்திருக்காது.

2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது நினைவிருக்கும். இளைஞர்கள் பிளாஸ்டிக் வாளிகளால் கருங்குழம்பை அள்ளிக்கொண்டிருந்த அந்த நாட்களில் காசிமேட்டில் கூடை நிறைய மீன் வைத்துக்கொண்டு விலை கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தேன். மீனைக் கையில் எடுத்து, செவுளைப் பிரித்து, முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டுப் போனார்கள், வாங்க வந்தவர்கள். 1954இல் ஜப்பானில் நடந்ததை எனக்குப் புரியவைத்தது அந்தக் காட்சிதான்.

அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்தது. ஆறு மெகாடன் அளவில் வெடிக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருந்தார்கள், வெடித்தது பதினைந்து. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் மேல், பொடிந்த பவளப்பாறை வெள்ளைச் சாம்பலாக மணிக்கணக்கில் பெய்தது. படகில் இருந்த 23 பேரும் அது இன்னதென்று தெரியாமல் கையால் தட்டிவிட்டுக்கொண்டே தூண்டில் கயிறுகளை இழுக்கும் வேலையைத் தொடர்ந்தார்கள். கரை சேர்வதற்குள் தோல் வெந்து முடி கொட்டத் தொடங்கியிருந்தது. படகின் வானொலித் தொடர்பாளரான குபோயாமா செப்டம்பரில் இறந்தார். டோக்கியோ மீன் சந்தையில் கதிர்வீச்சு ஏறிய மீன்களைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். சுகினாமி என்ற பகுதியின் இல்லத்தரசிகளும் மீன்கடைக்காரர்களும் தொடங்கிய கையெழுத்து இயக்கத்தில் அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். ராணுவத் தத்துவம் பேச வந்தவர்கள் அல்ல அவர்கள். வாங்கிய மீனைச் சமைக்கலாமா என்று கேட்டவர்கள்.

அதே கேள்விதான் அமெரிக்காவில் பாலைப் பற்றி எழுந்தது. வெடிப்பில் பிறக்கும் ஸ்ட்ரான்சியம் 90 என்ற கதிரியக்கப் பொருள் சுண்ணாம்புச் சத்தைப் போல நடந்துகொள்ளும். மழையோடு புல்லில் இறங்கி, மாட்டின் பால் வழியே குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் படியும். செயின்ட் லூயிஸ் நகரில் விழுந்த பால்பற்களை லட்சக்கணக்கில் சேகரித்து அதை அளந்தே காட்டினார்கள். 1963இல் வானத்திலும் கடலுக்கடியிலும் விண்வெளியிலும் சோதனை செய்வதைத் தடைசெய்யும் ஒப்பந்தம் கையெழுத்தானதில் இந்த அளவீட்டுக்கும் பங்குண்டு. சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று 1954 ஏப்ரலிலேயே நேரு கேட்டார். பல விஷயங்களில் அவரோடு முரண்பட்ட ராஜாஜி இதற்காகவே 1962 செப்டம்பரில், எண்பத்து மூன்று வயதில், வாஷிங்டன் சென்று கென்னடியைச் சந்தித்தார். நாட்டுப்பற்று இல்லாதவர்கள் என்று இவ்விருவரையும் நீங்கள் சொல்ல மாட்டீர்கள்.

ரஷ்யாவில் வாய் திறக்க முடிந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். சோவியத் ஆட்சியின் பெரும்பகுதியில் முடியவில்லை என்பது உண்மைதான். ஆனால் 1989 பிப்ரவரியில், அப்போது சோவியத் ஒன்றியத்தில் இருந்த கஜகஸ்தானின் கவிஞர் ஓல்ஜாஸ் சுலைமேனோவ், கவிதை வாசிக்க வந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கவிதையை ஒதுக்கிவிட்டு, நிலத்தடிச் சோதனையிலிருந்து கதிர்வீச்சு கசிந்ததைச் சொல்லி மக்களைக் கூட்டத்துக்கு அழைத்தார். ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். 456 சோதனைகள் நடந்த செமிபலாட்டின்ஸ்க் தளம் 1991 ஆகஸ்ட் 29 அன்று மூடப்பட்டது. (நம் கவியரங்கங்களில் யாராவது இப்படி ஒருமுறை கவிதையை ஒதுக்கிவைத்தால் தேவலை.)

சோதிக்காத குண்டுக்கு யார் பயப்படுவார்கள் என்பதற்கு உலக வல்லரசுகளே பதில் சொல்லிவிட்டன. அமெரிக்கா கடைசியாக வெடித்தது 1992இல்; சோவியத் ரஷ்யா 1990இல்; சீனா 1996இல். நாமும் 1998 மே மாதத்தோடு நிறுத்திக்கொண்டோம். அதற்குப் பிறகு வெடித்த நாடு வட கொரியா ஒன்றே. குண்டை நம்புகிறவர்களே சோதனையில்லாமல் இத்தனை ஆண்டுகள் இருந்திருக்கிறார்கள் என்னும்போது, சோதனையை எதிர்ப்பவன் நாட்டின் பாதுகாப்பைக் குலைக்கிறான் என்ற வாதம் நிற்கவில்லை.

இனி இரண்டாவது கேள்வி, குண்டு போரைத் தடுக்கிறதா என்பது. அச்சுறுத்தித் தடுத்தல் முழுப் பொய் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அதனால்தான் போர் வரவில்லை என்பதற்கு உங்களிடமும் இல்லை. நடக்காத ஒன்றுக்கு எதைக் காரணமாகச் சொன்னாலும் அதை நிரூபிப்பது கடினம். கார்கிலையே பாருங்கள். இரு நாடுகளும் குண்டு வெடித்த மறு ஆண்டே அது நடந்தது. குண்டு இருந்ததால்தான் போர் பெரிதாகவில்லை என்று ஒரு தரப்பு சொல்கிறது. குண்டு இருக்கும் துணிச்சலில்தான் பாகிஸ்தான் ராணுவம் ஊடுருவியது என்று மறுதரப்பு சொல்கிறது. ஒரே சம்பவம் இரண்டு வழக்குக்கும் சாட்சி சொல்கிறது.

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுப்போரின் விளிம்புவரை போன கியூபா நெருக்கடியில், 1962 அக்டோபர் 27 அன்று, அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டுகளைப் போட்டுக்கொண்டிருக்க, கடும் வெப்பத்தில், மாஸ்கோவோடு தொடர்பில்லாமல் கடலுக்கடியில் கிடந்தது ஒரு சோவியத் நீர்மூழ்கி. அதில் அணு டார்பிடோ இருந்தது. அதைச் செலுத்தும் யோசனையிலிருந்து தளபதியைத் திருப்பியவர் அர்கிபோவ் என்ற அதிகாரி. போரைத் தடுத்தது குண்டின் மீதான பயமா, அந்த மனிதரின் நிதானமா? இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

எம்டனுக்கு வருகிறேன். 1914இல் சென்னை திருப்பி அடிக்க வழியில்லாத ஊர் அல்ல. உலகின் மிகப் பெரிய கடற்படையை வைத்திருந்த பிரிட்டனின் ஊர் அது. அப்படியிருந்தும் செப்டம்பர் 22 இரவு எம்டன் வந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்த நகரத்தைச் சுட்டுவிட்டுப் போனது. பதிலடியும் கிடைக்காமல் இல்லை. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் ஒன்று அதை நொறுக்கியது. ஆனால் அதற்குள் தொட்டிகள் எரிந்து, ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு ஓடியிருந்தார்கள். அணுகுண்டுக்கு இந்த ஒப்பீடு முழுதாகப் பொருந்தாதுதான். ஆனாலும் தாத்தாவின் கதை நீங்கள் நினைக்கும் பக்கம் சாயவில்லை என்பதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எமகாதகனான ஆளை 'எம்டன்' என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். அந்த இரவைப் பற்றித் தாத்தா சொன்னவற்றில் நினைவிருப்பதையெல்லாம் எழுதி அனுப்புங்கள், தனியாக வெளியிடுகிறேன்.