மடத்துக்குள் செயற்கை நுண்ணறிவு: கேள்வி பதில்

புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) 6-ஆம் நூற்றாண்டில் துறவு மடங்களுக்காக எழுதிய ஒழுங்குநூலை முன்வைத்துப் பதில் சொல்கிறேன். 73 அதிகாரங்கள் கொண்ட சிறு நூல்தான் அது. எந்தச் செயலி நல்லது, எதற்குச் சந்தா கட்டலாம் என்பவற்றை இங்கே கேட்க வேண்டாம்.

நவதுறவியருக்குப் பயிற்சி தரும் ஒரு சகோதரி: காலைத் தியானத்துக்கு முன்பே பிள்ளைகள் அன்றைய நற்செய்திப் பகுதியைச் சாட்ஜிபிடியில் போட்டு, "தியானக் குறிப்பு" வாங்கிவிடுகிறார்கள். தடை செய்வதா, பழக்கிவிடுவதா?

தியான நேரத்தில் தடை செய்யுங்கள், சகோதரி. படிப்பு நேரத்தில் பழக்கிவிடுங்கள்.

12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசிய சபைத் துறவி இரண்டாம் குய்கோ, இறைவார்த்தை வாசிப்புக்கு நான்கு படிகள் வகுத்தார்: வாசித்தல், அசைபோடுதல், மன்றாடுதல், இறைவனில் இளைப்பாறுதல். இயந்திரம் எழுதித் தரும் குறிப்பு, ஒருவர் அசைபோட்டு முடித்தபின் எழுதியது போலவே இருக்கும். படித்தவுடன் மனம் நிறைந்துவிடும், மன்றாடத் தேவையே எழாது. வசனம் புரியாமல் உறுத்துகிற இடத்தில்தான் மன்றாட்டு பிறக்கிறது. அந்த உறுத்தலை அரை நிமிடத்தில் துடைத்துவிட்டால் பிள்ளை இரண்டாம் படியிலேயே நின்றுவிடும். நின்றுவிட்டது அதற்கே தெரியாது.

செய்ய வேண்டியது இது. எட்டு முதல் பன்னிரண்டு வசனங்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். உதடு அசைய, காதில் விழும்படி இரண்டு முறை வாசிக்கட்டும். மூன்றாம் முறை எந்தச் சொற்றொடர் பிடித்து நிறுத்துகிறதோ அங்கேயே பத்து நிமிடம் இருக்கட்டும். கடைசியில் கையால் மூன்று வரி எழுதட்டும். மொத்தம் அரை மணி நேரம் போதும். செல்பேசி அறைக்கு வெளியே இருக்க வேண்டும். அணைத்து மடியில் வைத்திருந்தாலும் கவனம் அதன்மேல்தான் போகும். "சதுசேயர் யார்?", "எம்மாவு எங்கே இருக்கிறது?" போன்ற சந்தேகங்களைத் துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு, படிப்பு நேரத்தில் முதலில் விளக்கவுரையிலும் பிறகு வேண்டுமானால் இயந்திரத்திலும் தேடலாம்.

முதல் வாரத்திலேயே "எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சிஸ்டர்" என்று வருவார்கள். ஆசீர்வாதப்பருக்கு இது தெரியும். வாசிப்பு நேரத்தில் எவராவது சோர்ந்துபோய் வெட்டிப்பேச்சில் இருக்கிறாரா என்று பார்க்க மூத்தவர் ஒருவர் இருவர் மடத்தைச் சுற்றி வரவேண்டும் என்கிறது 48-ஆம் அதிகாரம். நீங்களும் அதே அறையில் உங்கள் விவிலியத்தோடு உட்காருங்கள்.

இன்னொன்று: இயந்திரம் திருப்பாடல் எண்களைக் குழப்பும். ஒழுங்குநூல் பழைய இலத்தீன் எண்முறையைப் பின்பற்றுகிறது. அதில் 50 என்று இருப்பது நம் திருவிவிலியத்தில் 51, "கடவுளே, எனக்கு இரங்கும்" என்ற பாடல். புனிதர்களின் கூற்றுகளையும் அது சொந்தமாகப் புனைந்து தரும். "ஜெபி, உழை" என்ற வாசகம் ஆசீர்வாதப்பர் எழுதியதென்று அடித்துச் சொல்லும். 73 அதிகாரங்களில் எங்கும் அந்த வாசகம் இல்லை. அதிகார எண்ணைப் புத்தகத்தில் பார்க்காமல் எதையும் மேற்கோள் காட்டாதீர்கள்.

பங்குத்தந்தை ஒருவர்: மறையுரைக்குப் பயன்படுத்தலாமா?

தகவல் திரட்டலாம். உங்கள் பங்கில் போன வாரம் யார் இறந்தார், எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. மறையுரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு சபைத் தலைவி: மாதந்தோறும் சகோதரிகள் என்னோடு தனியாகப் பேசுவதைக் குறித்துவைத்து, செயலியில் சுருக்கம் எடுக்கிறேன். வசதியாக இருக்கிறது.

இன்றே நிறுத்துங்கள், அம்மா. நீங்கள் தட்டச்சு செய்வது உங்கள் கருவியில் தங்குவதில்லை. நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கே சேமிக்கப்படுகிறது. அமைப்புகளில் தரவுக் கட்டுப்பாட்டைத் திறந்து அந்த அனுமதியை அணைக்காவிட்டால், பல சேவைகளில் அது அடுத்த நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவிக்கவும் போகலாம். பெயரை நீக்கிவிட்டேன் என்பீர்கள். பன்னிரண்டு பேர் இருக்கும் மடத்தில் "சமையல் பொறுப்பில் இருப்பவர், தாயை இழந்தவர்" என்றாலே ஆள் தெரிந்துவிடும்.

தலைவர் தம் கீழுள்ளவரை மனச்சாட்சியைத் திறந்து காட்டும்படி எவ்வகையிலும் தூண்டக்கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 630. தாமாகத் திறந்து காட்டியதோ உங்களை நம்பித் தந்தது. ஒருவரின் நற்பெயரையும் அந்தரங்கத்தையும் சட்டம் 220 காக்கிறது. குறிப்பு அவசியமென்றால் நோட்டில் எழுதிப் பூட்டிவையுங்கள்.

மருத்துவப் பணியில் இருக்கும் சகோதரர்: நினைவிழந்த மூத்த துறவி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறோம். "இவரைவிட இயந்திரம் நன்றாகப் பேசுகிறது" என்று ஓர் இளையவர் சொன்னபோது பதில் சொல்ல முடியவில்லை.

திறமையை அளந்து மாண்பைக் கணக்கிட்டால் அந்த இளையவர் சொன்னது சரியாகிவிடும். அந்த அளவுகோலே தவறு. 2025 ஜனவரி 28 அன்று வத்திக்கானின் இரண்டு துறைகள் சேர்ந்து வெளியிட்ட ஆவணம் இதைத் தெளிவாகச் சொல்கிறது: மனிதரின் மதிப்பு அறிவுத்திறனிலோ சாதனையிலோ இல்லை, கடவுளின் சாயலில் படைக்கப்பட்டிருப்பதில் இருக்கிறது. அந்தப் பெரியவர் சொல்லை இழந்திருக்கலாம், சாயலை இழக்கவில்லை.

ஒழுங்குநூலின் 36-ஆம் அதிகாரம் நோயாளிகளுக்குத் தனி அறையும், இறையச்சமும் அக்கறையும் உள்ள ஒரு பணியாளரும் வேண்டும் என்கிறது. கட்டிலிலிருந்து விழுந்தால் ஒலிக்கும் உணரி வையுங்கள், நல்லது. ஆனால் அது ஒலித்ததும் ஓடிவர ஒருவர் பக்கத்து அறையில் படுத்திருக்க வேண்டும். உணரி வந்ததும் இரவுக் காவலை எடுத்துவிடுகிற வழக்கம் உண்டு. ஆபத்து அங்கேதான்.

இயந்திரத்திடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?

இதே கேள்வி மூன்றாவது முறையாக வருகிறது. முடியாது. பாவமன்னிப்பு வழங்க குருவால் மட்டுமே முடியும், சட்டம் 965. பாவசங்கீர்த்தனத்தில் பேசியதைக் கருவியில் பதிவு செய்தால் தண்டனை உண்டு, சட்டம் 1386. ஆகவே "ஆண்டவரிடம் சொல்லும் முன் ஒத்திகை" என்றும் தட்டச்சு செய்யாதீர்கள். பிறர் நம்பிச் சொன்னதை உள்ளிடாதீர்கள் என்று மேலே சொன்னேன், உங்கள் அந்தரங்கத்துக்கும் அதுவேதான்.

அதற்கு ஆன்மா உண்டா?

இல்லை. விரிவாக வேண்டுமென்றால் மெய்யியல் ஆசிரியரைக் கேளுங்கள்.

பொறியாளர் ஒருவர்: மடங்கள் எல்லா இயந்திரத்தையும் ஏற்றுக்கொண்டவைதானே? நீர்ச்சக்கரத்தை ஏற்றவர்கள் இதற்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

தண்ணீர், ஆலை, தோட்டம் எல்லாம் மதிலுக்குள்ளேயே இருக்கட்டும் என்று 66-ஆம் அதிகாரமே சொல்கிறது. இந்த ஒழுங்குநூலைப் பின்பற்றும் சிஸ்டர்சியத் துறவிகள் பிரான்சில் 1118-இல் நிறுவிய பொன்தெனே மடத்தில், ஓடைநீரால் சம்மட்டியை இயக்கிய உலைக்கூடம் இன்றும் நிற்கிறது. இத்தாலியின் முதல் அச்சகம் 1465-இல் சுபியாக்கோவின் ஆசீர்வாதப்பர் மடத்தில்தான் இயங்கியது.

ஆலையில் நமக்கு வேண்டியது மாவு. யார் அரைத்தாலும் அது மாவுதான். இப்போது 35-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். நோயாளிகளும் முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களும் தவிர எல்லாரும் வாரமுறை வைத்துச் சமையலறையில் வேலை செய்ய வேண்டும். முறை முடிகிறவர் சனிக்கிழமை துண்டுகளைத் துவைத்து, அடுத்தவரோடு சேர்ந்து எல்லாருடைய காலையும் கழுவி, பாத்திரங்களைச் சுத்தமாகப் பண்டகப் பொறுப்பாளரிடம் எண்ணி ஒப்படைக்க வேண்டும். நன்றாகச் சமைப்பவர் ஒருவரையே வைத்துக்கொண்டால் சாப்பாடு ருசியாக இருந்திருக்கும். அன்பு வளரவேண்டும் என்பதற்காகவே ஆசீர்வாதப்பர் அதைச் செய்யவில்லை. ஒரு வேலையை இயந்திரத்திடம் கொடுக்கும்முன், அந்த வேலையால் உருவாகிறவர் யார் என்று கேளுங்கள். கணக்குப் பதிவில் யாரும் உருவாவதில்லை என்றால் கொடுத்துவிடுங்கள். ஜெபத்தையும் ஆறுதலையும் கொடுக்காதீர்கள்.

அதே பொறியாளர்: சிஸ்டர்சியரின் உழைப்பில் பெரும்பங்கு, உடலுழைப்புக்கென்றே மடத்தில் சேர்க்கப்பட்ட பொதுநிலைச் சகோதரர்களுடையது. அவர்களுக்குப் புத்தகம் கூடத் தடை. இதுதான் மாண்பா?

சரியான அடி. அந்தச் சகோதரர்களுக்குச் சில ஜெபங்களை மனப்பாடம் செய்ய மட்டுமே அனுமதி. மடத்தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்கில்லை. திருப்பாடல்களைப் பாடி ஜெபித்த மற்றத் துறவிகளின் நேரம் அவர்கள் முதுகின் மேல் நின்றது. அது ஒழுங்குநூலுக்கு எதிரானது. அடிமையாயிருந்தவனுக்கு மேல் சுதந்திரனை உயர்த்தாதே என்று மடத்தலைவரிடம் 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்களைக் குழும வாழ்வோடு நெருக்கமாகப் பிணைக்கும்படி திருச்சபை சொல்ல 1965 வரை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை ஆனது.

அந்த வரலாறு இன்று அப்படியே திரும்புகிறது. இயந்திரம் கண்ணியமாகப் பேச வேண்டுமானால் கொடூரமான பத்திகளை யாரோ படித்து, வகை பிரித்துக் குறிக்க வேண்டும். கென்யாவில் மணிக்கு 2 டாலருக்கும் குறைவான கூலிக்கு அதைச் செய்தவர்களின் நிலை 2023 ஜனவரியில் வெளிவந்தது. அவர்கள்தான் இன்றைய பொதுநிலைச் சகோதரர்கள். 2025 மே 10 அன்று கர்தினால்களிடம் திருத்தந்தை பதினான்காம் லியோ தம் பெயருக்குக் காரணம் சொன்னபோது, தொழிலாளர் பற்றி 1891-இல் எழுதிய பதின்மூன்றாம் லியோவையும் இன்றைய செயற்கை நுண்ணறிவையும் சேர்த்தே சொன்னார்.

அதே பொறியாளர்: அப்படியானால் மடங்கள் முழுவதுமாக விலகுவதே நேர்மை.

விலகினால் அந்தத் தொழிலாளருக்கு ஒன்றும் கிடைக்காது. சந்தா கட்டும் ஒவ்வொரு மடமும் பள்ளியும் மறைமாவட்டமும் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கட்டும்: தரவைக் குறித்தவர் யார், மணிக்கு எவ்வளவு கூலி, மன நல உதவி உண்டா? பதில் வராவிட்டால் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டாம். மடம் தன் கைவினைப் பொருளை வெளியே விற்கும்போது பேராசை நுழையக்கூடாது என்று 57-ஆம் அதிகாரம் சொல்கிறது. அது வாங்கும் கைக்கும் பொருந்தும்.

இன்னொருவர்: கடைசியாக, இலவசச் செயலிகளில் எது பாதுகாப்பானது?

முதல் பத்தியைப் படியுங்கள்.