எஞ்சினை இறக்கச் சொல்லிவிட்டார்களா? லாரிக் கேள்விகளும் பதில்களும்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் நிறைய ஒரே கவலைதான்: மெக்கானிக் எஞ்சினை இறக்க வேண்டும் என்கிறார், அவ்வளவு செலவு தாங்காது, வேறு வழி உண்டா? எஞ்சினை இறக்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது, அதில் பெரும்பாலானதற்குச் செலவும் குறைவு.

கேள்வி (மாதவரம்): 697 எஞ்சின் போட்ட பழைய டாடா. காலையில் செல்ஃப் எவ்வளவு அடித்தாலும் சட்டென்று பிடிக்காது, பிடித்ததும் வெள்ளையாகப் புகை. பிஸ்டன் ரிங் போய்விட்டது, போர் பண்ண (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும் என்கிறார்கள். உண்மையா அண்ணே?

பதில்: ரிங் போன எஞ்சின் பொதுவாக நீலப் புகை விடும், ஆயில் குடிக்கும். நீங்கள் அந்த இரண்டையுமே சொல்லவில்லை. வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல் வெளியே வருகிறது, இல்லையென்றால் தண்ணீர் உள்ளே போகிறது. கண் எரிந்து பச்சை டீசல் நாற்றம் அடித்தால் முதல் வகை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்து, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் புகை நிற்காவிட்டால், எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலிருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

டீசல்தான் என்றால், நாளைக் காலை சாவியைத் தொடுவதற்கு முன் ஃபீட் பம்பில் இருக்கும் ஹேண்ட் பிரைமரைக் கெட்டியாகும் வரை அடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். உடனே பிடித்துக்கொண்டால் ராத்திரி லைனில் ஏர் ஏறி டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது என்று அர்த்தம். டீசல் லைனை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் செப்பு வாஷர், ஃபில்டர் ரப்பர், வெடித்துப்போன ஹோஸ், இவற்றில் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதிலும் தீரவில்லை என்றால், சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், புகையாகத் தூவாமல் சொட்டினால் மாற்ற வேண்டியதுதான். ஒன்று மட்டும் கவனம்: அந்தத் தூவலுக்கு முன்னால் கையை நீட்டவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட அப்போது பெரிதாக இருக்காது, ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போய்விடலாம். நாசில் சரி என்றால் டேப்பெட் (வால்வு கேப்), பம்ப் டைமிங் (டீசல் தூவும் நேரம்), அதற்கும் பிறகுதான் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் ஏறுகிறது என்ற சோதனை). அளவு எதுவும் காட்டாமல் போர் பண்ணச் சொன்னால், முதலில் கம்ப்ரெஷன் எவ்வளவு என்று கேளுங்கள்.

கேள்வி (புழல்): 24 வோல்ட் வண்டி. வருஷத்துக்கு ஒரு பேட்டரி போகிறது, எப்போதும் அதே பக்கத்துப் பேட்டரி.

பதில்: பாட்டு செட்டுக்கும் ஃபேனுக்கும் அந்த ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுத்திருப்பீர்கள். ஒன்று காலியாகிக்கொண்டே இருக்கும், மற்றது ஓவர் சார்ஜ் ஆகி வேகும். 24-12 கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள். பேட்டரி மாற்றும்போது இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள்.

கேள்வி (செங்குன்றம்): தாத்தா ஓட்டிய லேலண்ட் காமெட், பல வருஷமாக ஷெட்டில் நிற்கிறது. உயிர் கொடுக்க ஆசை. புது பேட்டரி வாங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் பண்ணலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம், பேட்டரி இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். எண்ணூரில் 1948ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955ல் அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் ஆரம்பகால வண்டிகளில் ஒன்று காமெட். நம் ஊரிலேயே பிறந்த வண்டி, அவசரத்தில் அதை உடைத்துவிடாதீர்கள்.

முதலில் டீசல் டேங்கைக் கழற்றிக் கழுவுங்கள், அடியில் தண்ணீரும் கறுப்புப் பாசியும் கட்டாயம் இருக்கும். எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள், அப்புறம் முன்பக்கம் கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்ற வராமல் இறுகியிருந்தால் பலவந்தம் பண்ணாதீர்கள், இன்னும் ஊறட்டும். சுற்ற வந்துவிட்டதென்றால் டேப்பெட்டையும் அப்போதே பார்த்துவிடலாம்: ஆறு சிலிண்டர் எஞ்சினில் 6வது சிலிண்டரின் வால்வுகள் இரண்டும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் நிலையில் ஆடும்போது 1வது சிலிண்டரின் கேப்பை வையுங்கள், அதேபோல் 5க்கு 2, 4க்கு 3, அப்படியே மாற்றியும். கேப் எவ்வளவு என்பதை மட்டும் அந்த எஞ்சினின் மேனுவலைப் பார்த்து வையுங்கள், யாரோ வாயால் சொன்ன அளவு வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது டீசல் பம்ப். நீண்ட நாள் நின்ற இன்லைன் பம்பில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற கம்பி இறுகிப்போய் இருக்கலாம். அது ஃபுல் டீசலில் இறுகியிருந்தால் எஞ்சின் பிடித்த நொடியே ஆர்.பி.எம். தாறுமாறாக ஏறும், சாவியோ ஸ்டாப் கேபிளோ நிறுத்தாது. ரேக் தாராளமாகப் போய் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். அப்போதும் ஏர் கிளீனர் வாயை அடைக்க ஒரு தட்டையான பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், கையையோ துணியையோ வைத்து அடைக்கக் கூடாது. காற்று போகாவிட்டால் எந்த டீசல் எஞ்சினும் நின்றுவிடும்.

அப்புறம் வீல். டயரை ரிம்மில் பிடித்து வைக்கத் தனி இரும்பு வளையம் உள்ள லாக் ரிங் வீலாக இருந்தால், நட்டைத் தொடுவதற்கு முன் காற்றை முழுக்க இறக்குங்கள். துருப்பிடித்த ரிங் காற்று அடிக்கும்போது தெறித்து ஆளையே கொன்றிருக்கிறது, கூண்டுக்குள் வைத்து, நேர் எதிரே நிற்காமல் காற்று அடிக்கிற கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸுக்குப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் இருக்கின்றன, பழைய பார்ட்டைக் கையோடு எடுத்துப் போய் ஒப்பிட்டு வாங்குங்கள். பிரேக் ரப்பர், ஹோஸ், டயாஃப்ரம் மட்டும் பழையது வாங்கவே கூடாது.

கேள்வி (திருவொற்றியூர்): ஓவர்ஹீட். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த பிறகும் குறையவில்லை. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

பதில்: இரண்டுமே தப்பு. கடலோரத்துப் போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம், அது ரேடியேட்டர் ட்யூபிலும் வாட்டர் ஜாக்கெட்டிலும் காரையாகப் படிந்து சூட்டை வெளியே விடாது. வெட் லைனர் எஞ்சினாக (சிலிண்டர் குழாயின் வெளிப்பக்கம் நேராகத் தண்ணீரில் படும் வகை) இருந்தால் கூலண்ட் இல்லாத வெறும் தண்ணீர் லைனரின் வெளிப்பக்கத்தைப் புள்ளி புள்ளியாக அரித்து, ஒரு நாள் ஓட்டை போட்டு, ஆயிலில் தண்ணீர் கலக்கும். எஞ்சினை இறக்கும் செலவு அங்கேதான் வருகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் பல எஞ்சின்களில் பைபாஸ் வழி திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பி வரும், அதனால்தான் உங்களுக்குக் குறையவில்லை. ரேடியேட்டரை ராடிங் பண்ணி (ட்யூப்களில் கம்பி விட்டுக் காரையைச் சுரண்டி), தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டு, கலந்தே வரும் கூலண்டை ஊற்றுங்கள். ஃபேன் பெல்ட் டைட்டையும் ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் கூடவே பாருங்கள்.

கேள்வி (எண்ணூர்): ராத்திரி நிறுத்தினால் காலையில் பிரேக் ஏர் காலி.

பதில்: ஏர் ஏற்றி எஞ்சினை நிறுத்திவிட்டு முதலில் பிரேக் மிதிக்காமல் காது கொடுங்கள், அப்புறம் ஒருவரை மிதித்துப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். மிதிக்கும்போது மட்டும் சீறினால் பிரேக் வால்வோ டயாஃப்ரமோ, எப்போதும் சீறினால் லைனும் ஜாயிண்ட்டும். சோப்புத் தண்ணீர் தடவினால் இடம் தெரிந்துவிடும். ஏர் டேங்கைத் தினமும் வடியுங்கள், சென்னைக் காற்றின் ஈரத்துக்கு இது கட்டாயம், தண்ணீரோடு ஆயிலும் நிறைய வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்ந்திருக்கிறது. பின்பக்க ஸ்பிரிங் பிரேக் சேம்பரில் லீக் என்றால் அதை நீங்கள் பிரிக்கவே கூடாது. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் உயிரை எடுக்கும். யூனிட்டாக மாற்றுங்கள்.

கேள்வி (மணலி): பி.எஸ்.6 டிரெய்லர். ஆட்ப்ளூ லைட் எரிந்து பவர் குறைகிறது. எமுலேட்டர் (ஆட்ப்ளூ போவதாக வண்டியின் கம்ப்யூட்டரை ஏமாற்றும் கருவி) போட்டால் செலவு மிச்சம் என்கிறார்கள்.

பதில்: போடாதீர்கள். சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், அந்தப் புகையை மூச்சில் இழுப்பது மணலியிலும் எண்ணூரிலும் குடியிருக்கும் நம் ஜனங்கள். புகையின் நச்சைக் குறைக்கத் தூவப்படும் ஆட்ப்ளூ என்பது 32.5 சதவீத யூரியாவும் சுத்தமான தண்ணீரும்தான். அதில் குழாய்த் தண்ணீர் கலந்தாலோ, உர யூரியாவைக் கரைத்து ஊற்றினாலோ, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட் கெட்டுப்போகும். கேனை வெயிலில் வைக்காதீர்கள், சூட்டில் சீக்கிரம் தரம் கெடும். துறைமுக க்யூவில் மணிக்கணக்காக ஐடிலிங்கில் விட்டால் சைலன்சர் போதுமான அளவு சூடாகாமல், ஆட்ப்ளூவைத் தூவும் டோசர் நாசிலில் வெள்ளையாக உப்புக் கட்டும், உங்கள் வண்டியில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். டோசரைக் கழற்றி வெந்நீரில் கழுவச் சொல்லுங்கள், எரர் கோடை ஸ்கேனரில் படித்துவிட்டு மட்டும் சென்சாரில் கை வைக்கச் சொல்லுங்கள், க்யூ நகராதபோது எஞ்சினை அணைத்துவிடுங்கள்.