கூர்க்கன் இலை வாடுகிறதா? முதலில் வேரைப் பாருங்கள்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்திலிருந்து, மருந்துக்காகக் கிழங்கு எடுக்கிற கூர்க்கன் செடியைப் பற்றி ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: "முக்கால் ஏக்கரில் ஆடி முதல் வாரம் மருந்து கூர்க்கன் நட்டேன். போன போகம் தக்காளி. நாலு மாதம் ஆகிறது. அங்கங்கே திட்டுத் திட்டாகக் கீழ் இலை மஞ்சளாகிறது. மத்தியானம் செடி வாடி, சாயங்காலம் நிமிர்ந்துகொள்கிறது. மருந்துக்கடையில் கலந்து கொடுத்ததை மூன்று தடவை அடித்தும் மாற்றமில்லை. கிழங்கு வாங்கும் கம்பெனி ஆள் வந்து, இப்போதே பிடுங்கிவிடுங்கள், பச்சையாகவே எடுத்துக்கொள்கிறோம் என்கிறார். பிடுங்கலாமா?"

இப்போது பிடுங்க வேண்டாம். இலைக்கு மருந்து அடிப்பதையும் இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் செடிக்கு நோய் இலையில் இல்லை. மத்தியானம் வாடி மாலையில் நிமிர்கிறது என்றால், வெயில் நேரத்தில் இலை கேட்கிற தண்ணீரை வேரால் கொடுக்க முடியவில்லை என்று அர்த்தம். அதற்கு இலைமேல் எதைத் தெளித்தாலும் காசுக்குத்தான் கேடு.

நாளைக் காலையில் ஒரு வேலை செய்யுங்கள். திட்டின் நடுவில் ஒரு செடி, ஓரத்தில் ஒன்று, நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று என மூன்று செடிகளை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து எடுங்கள். கையால் இழுக்காதீர்கள், மெல்லிய வேரெல்லாம் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். கூர்க்கனில் கிழங்கே பருத்த வேர்தான் என்பதால் பலர் குழம்பிப்போகிறார்கள். கிழங்கு நீளமாக, வழவழப்பாக இருக்கும். அதைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஓடும் சன்ன வேர்களைப் பாருங்கள். அதில் கடுகளவு, மிளகளவு முடிச்சுகள் வரிசையாக இருந்து, விரலால் தேய்த்தாலும் உதிராமல் வேரோடு வேராக ஒட்டியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள் புகுந்து தின்னும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் புழு. நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கும், முந்தைய பயிர் இதே புழு தாக்கும் தக்காளி என்பதற்கும் எனக்கு முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

முடிச்சு இல்லாமல் வேர் பழுப்பாகி, தோல் உரிந்து, நாற்றம் அடித்தால் அது பூஞ்சண அழுகல். அந்த இடத்தில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்த்து முதலில் வடிய விடுங்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு, அதுதான் மோசமானது. இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே இருக்கும்போது செடி வாடி, மாலையிலும் நிமிராமல் போனால் பாக்டீரியா வாடல். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. தண்டின் அடிப்பகுதியில் இரண்டு அங்குலம் வெட்டிக் கழுவுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி பிடித்துக்கொள்ளுங்கள். டம்ளரை ஆட்டக் கூடாது. சில நிமிடங்களில் வெட்டிய முனையிலிருந்து வெள்ளையாக, பால் நூல் இறங்குவது போல ஏதாவது இறங்கினால் அது பாக்டீரியாதான். இதற்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் பொட்டலம் கொடுத்தால் வாங்காதீர்கள். வாடிய செடிகளை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்தி, குழியில் பிளீச்சிங் பவுடர் தூவுங்கள். அந்தத் திட்டின் வழியாக ஓடும் தண்ணீர் மற்ற பாத்திக்குப் போகாமல் வாய்க்காலைத் திருப்புங்கள்.

புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. உங்களுக்குக் கீழ் இலைதான் மஞ்சள், அதனால் அதை விட்டுவிடுவோம்.

சரி, நூற்புழு என்றே வைத்துக்கொள்வோம். நான்கு மாதப் பயிரில் அதை முழுதாக ஒழிக்க முடியாது, மட்டுப்படுத்தலாம். ஏக்கருக்கு ஒரு கிலோ சூடோமோனாஸை (இது நன்மை செய்யும் பாக்டீரியா) மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரம் இருக்கும்போது வேரடியில் போடுங்கள். அதோடு வேப்பம் புண்ணாக்கும் போடுங்கள். கடைக்காரர் குருணை மருந்தைக் கையில் திணிப்பார். இந்தக் கட்டத்தில் தொடவே தொடாதீர்கள். நீங்கள் விற்பது மருந்துக்குப் போகிற கிழங்கு. அதிலிருந்து எடுக்கும் ஃபோர்ஸ்கோலின் என்ற மருந்துப் பொருள் உலகமெங்கும் போகிறது. கிழங்கில் பூச்சிமருந்து எச்சம் இருந்தால் வாங்குபவர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பலாம். அப்போது கடைக்காரர் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். உங்களிடம் மண்வள அட்டை இருக்கும். அதில் தழை, மணி, சாம்பல் சத்திலிருந்து போரான் வரை 12 விவரம் இருக்கும். நூற்புழு இருக்காது. தக்காளியும் கத்தரியும் மாறி மாறிப் போடுகிற இந்த மாவட்டத்தில் வேரைத் தின்னும் புழுவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத அட்டையைக் கொடுத்து, மண்ணைப் பரிசோதித்தாயிற்று என்கிறோம். ஒரு துறையில் கேட்டால் அது தோட்டக்கலை என்பார்கள், அங்கே போனால் மூலிகைக்கு வேறு ஆள் என்பார்கள். அலைவதை விடுங்கள். செடியை வேர்மண்ணோடு பாலிதீன் பையில் கட்டி நேராகப் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டு போங்கள். கிருஷ்ணகிரி பக்கத்தவர்களுக்கு எலுமிச்சங்கிரி நிலையமும் பையூர் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. செல்போனில் இலையைப் படம் எடுத்துக் காட்டினால் யாராலும் சொல்ல முடியாது.

இனி அறுவடை. கூர்க்கன் 150 நாளுக்கு மேல், 180 நாளுக்குள் தோண்டுகிற பயிர். ஆடி முதல் வாரம் நட்டது என்றால் உங்களுக்கு மார்கழி கடைசிதான் கணக்கு. இடையில் பூ வந்தால் கிள்ளிவிடுங்கள், கிழங்குக்குப் போக வேண்டியது பூவுக்குப் போகும். இப்போது பிடுங்கினால் கடைசி மாதங்களில் ஏறுகிற எடை போச்சு.

ஒரே ஒரு நிலையில் முன்கூட்டிப் பிடுங்கலாம். அதையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், இதைச் சொன்னதும் எல்லோரும் தங்களுக்கு அதுதான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மஞ்சள் இலைக்காக இல்லை, மத்தியான வாட்டத்துக்காகவும் இல்லை. கிழங்கே அழுக ஆரம்பித்து, திட்டு வாரத்துக்கு வாரம் அகலமானால் மட்டும்தான். அப்போதும் வயல் முழுவதையும் தோண்டக் கூடாது. திட்டின் ஓரத்தில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். ஒரு வாரம் கழித்து குச்சியைத் தாண்டி வாடியிருந்தால், திட்டையும் அதைச் சுற்றி இரண்டு பார் வரிசை அளவையும் மட்டும் தோண்டி, அழுகாத கிழங்கைத் தனியாகக் காயவையுங்கள். மற்றது நிற்கட்டும். குச்சி தாண்டாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

கம்பெனி ஆள் ஏன் அவசரப்படுகிறார் என்று யோசியுங்கள். நல்ல சாகுபடியில் எக்டேருக்கு 15 முதல் 20 டன் பச்சைக் கிழங்கு வரும், காய்ந்தால் 2 டன் சொச்சம்தான் மிஞ்சும். அதாவது எட்டு, ஒன்பது கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர் கிழங்கு. உலர் விலை என்னவென்று நாலு பேரிடம் விசாரித்து, அதை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். அவர் சொல்லும் பச்சை விலை அதைவிட ரொம்பக் கீழே இருந்தால் உங்கள் நோயைக் காட்டி உங்களிடமே பேரம் பேசுகிறார். காயவைக்கும் கூலியைக் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். தக்காளிக்கு இருப்பது போல கூர்க்கனுக்குத் தினமும் விலை சொல்லும் மார்க்கெட் இல்லை. அந்த இருட்டில்தான் தரகர் பிழைக்கிறார். மண் கழிவு, ஈரக் கழிவு, சில்லுக் கழிவு என்று லாரி வந்த பிறகு ஒவ்வொன்றாக எடுப்பார்கள். எத்தனை சதவீதம் கழிவு, யார் தராசு, எத்தனை நாளில் பணம் என்று தோண்டுவதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். ஒப்பந்தப் பண்ணையத்துக்கென 2019-இல் தமிழ்நாடு சட்டமே போட்டிருக்கிறது. ஆனால் நம் ஊர்களில் இன்னும் வெள்ளைத்தாளில் ரப்பர் ஸ்டாம்பு குத்தித்தான் ஒப்பந்தம் நடக்கிறது. உங்கள் கையில் இருப்பதும் அந்த மாதிரித் தாள் என்றால், இப்போதே வேறு இரண்டு பேரிடம் விலை கேட்டு வையுங்கள்.

காயவைக்கும்போது துண்டு போட்டு, களத்தில் தார்ப்பாய் மேல் பரப்புங்கள். மார்கழிப் பனி இறங்குமுன் சாயங்காலமே மூடிவிட வேண்டும். ஈரம் 12 சதவீதத்துக்கு வர வேண்டும், ஒடித்தால் வளையாமல் முறிகிற பதம்.

அப்புறம், இந்த வயலிலிருந்து அடுத்த நடவுக்குத் தண்டு வெட்டாதீர்கள், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். அடுத்த போகம் செண்டுமல்லியோ ராகியோ போடுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் இந்த முக்கால் ஏக்கருக்குக் கொஞ்ச காலம் ஆகாது.