நான்கு ஆசைகளுக்கும் ஒரே இடம்

கேள்வி: கும்பகோணத்தில் கவின்கலை இறுதியாண்டு படிக்கிறேன். ஓவியத்தை என்னால் விட முடியாது. அருங்காட்சியகக் காப்பாட்சியராகவும் ஆசை. ஆராய்ச்சி செய்யவும், ஊர் மக்களோடு சேர்ந்து வேலை செய்யவும் விருப்பம். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்காதே" என்கிறார் அப்பா. நான் எதை விடுவது?

பதில்: எதையும் விட வேண்டாம். ஆனால் நான்கையும் நான்கு இடங்களில் தேடி அலையாதீர்கள்.

ஓவியர் ஜெ. சுவாமிநாதனைத் தெரிந்திருக்கும். சிம்லாவில் பிறந்த தமிழர். 1982-ல் போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் தொடங்கப்பட்டபோது, அதன் ரூபாங்கர் அருங்காட்சியகத்தை உருவாக்கியவர் அவர். அதற்காக மாணவர்களைக் குழு குழுவாக மத்தியப் பிரதேசத்துப் பழங்குடிக் கிராமங்களுக்கு அனுப்பினார். பாட்டன்கட் என்ற ஊரில் சுவர் ஓவியம் ஒன்றைப் பார்த்தவர்கள், வரைந்தது யார் என்று விசாரித்தார்கள். ஜங்கர் சிங் ஷ்யாம் என்ற பர்தான் கோண்டுப் பழங்குடி இளைஞர். அவரைப் போபாலுக்கு வரவழைத்து, காகிதமும் வண்ணமும் கொடுத்தார் சுவாமிநாதன். நகரத்து ஓவியர்களுக்குக் கிடைத்த அதே மரியாதை பழங்குடி ஓவியர்களுக்கும் அங்கே கிடைத்தது. 1987-ல் அந்தத் தொகுப்பைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அவருடைய பிற்கால ஓவியங்களிலேயே பழங்குடிச் சித்திரங்களின் சாயல் ஏறியது. நீங்கள் கேட்கும் நான்கும் இதில் இருக்கின்றன, அல்லவா?

இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புகழ்பெற்ற ஜங்கர் 2001-ல், ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது உயிரை மாய்த்துக்கொண்டார். சுவாமிநாதன் அப்போது உயிரோடு இல்லை. ஒரு கலைஞரை ஊரிலிருந்து வெளியுலகுக்குக் கொண்டுவந்தபின் அவருக்கு யார் துணை? மக்களோடு வேலை செய்ய விரும்பும் நீங்கள் இந்தக் கேள்வியை எப்போதும் கூடவே வைத்திருங்கள்.

உங்களுடைய பாட்டன்கட் பக்கத்திலேயே இருக்கிறது. சுவாமிமலைக்கு பஸ் ஏறுங்கள். உலோகச் சிலை வார்க்கும் ஒரு பட்டறையில் அனுமதி கேட்டு உட்காருங்கள். தென்னங்கீற்றை மடித்து ஸ்தபதி அளவு பிரிப்பதையும், தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்து உருவம் பிடிப்பதையும், அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவதையும் பார்த்து வரையுங்கள். வரைந்ததை அவரிடமே காட்டுங்கள்; விரல் இருக்கும் இடம் தவறென்றால் உடனே சொல்லிவிடுவார். அவர் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உருவம் பிடித்தவர், வார்த்தவர், உளியால் செதுக்கி முடித்தவர் என ஒவ்வொருவர் பெயரையும், சம்மதம் கேட்டு, குறித்துவையுங்கள். எத்தனையோ காட்சிப்பெட்டிகளில் உலோகமும் நூற்றாண்டும் இருக்கும். செய்தவர் பெயர்தான் இருக்காது. எனக்கு இது தீராத வருத்தம். அந்தக் குறிப்புகளை வைத்துச் சுவாமிமலையிலேயே சிறு கண்காட்சி வையுங்கள். முதல் பார்வையாளர்கள் பட்டறைக்காரர்களின் குடும்பத்தாராக இருக்கட்டும்.

அப்பாவின் கவலை நியாயமானது, வருமானம் வேண்டும். அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியர் பணிக்குத் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது. இடங்கள் குறைவு, அறிவிப்பும் அடிக்கடி வராது. தகுதி விவரங்களைப் பழைய அறிவிக்கைகளில் இப்போதே படித்துவிடுங்கள். அருங்காட்சியகவியலில் முதுகலை படிக்க வதோதராவில் உள்ள மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் நல்ல இடம். விண்ணப்பத்தோடு உங்கள் சுவாமிமலைக் குறிப்பேட்டையும் கொண்டுபோங்கள். இதற்கிடையே ஓவிய ஆசிரியர் வேலை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். விடுமுறை நாள்களைப் பட்டறைக்கு ஒதுக்கலாம்.