வீட்டு மரவேலைக்கு எந்த சாண்டர் வாங்கலாம்?

பழைய மேசையைத் தேய்த்து பாலிஷ் போட ஒரே ஒரு சாண்டர்தான் (உப்புத்தாள் மாட்டி மரத்தைத் தேய்க்கும் மெஷின்) வாங்க முடியும் என்றால், 5 இன்ச் (125 மி.மீ.) ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் வாங்குங்கள். அதன் தட்டு சுழன்றுகொண்டே 2-3 மி.மீ. அளவுக்கு வட்டமாக அசையவும் செய்யும். ஒரே தடத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்காததால், மர இழைக்குக் குறுக்கே போனாலும் கீறல் அவ்வளவாகத் தெரியாது. உப்புத்தாள் பட்டை வேகமாக ஓடித் தேய்க்கும் பெல்ட் சாண்டர், கதவு, தடித்த பலகைக்குச் சரி. பிளைவுட்டில் ஒரு நொடி நின்றாலே மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மர அடுக்கு (வெனீர்) போய்விடும். மூலைகளுக்குச் சதுரத் தட்டுள்ள ஷீட் சாண்டர் நல்லது, ஆனால் மெதுவாகத்தான் வேலை நடக்கும்.

வாட்ஸைவிட வேகக் கட்டுப்பாடும், வேக்கும் கிளீனர் குழாய் மாட்டும் வசதியும் முக்கியம். உப்புத்தாள் வெல்க்ரோவில் ஒட்டுவதாக இருக்கட்டும். அதன் துளைகள் தட்டின் துளைகளோடு பொருந்த வேண்டும், இல்லையென்றால் தூசி உறிஞ்சாது. உப்புத்தாளின் சொரசொரப்பு எண்ணில் (எண் கூடக்கூட நைசாக இருக்கும்) 80, 120, 180 என்று வரிசையாகப் போங்கள். அழுத்தாதீர்கள், மெஷினின் எடையே போதும்.

அப்புறம், தூசிப் பை இருந்தாலும் என்95 மாஸ்க் கட்டாயம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது.